ஜமீனுக்குக் காது கேட்காது

எலச்சிபாளையம், தோட்டத்து வீடு
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மதுமதிக்கு, திருச்செங்கோட்டு மலைக்குக் கிழக்கே எட்டுக் கண்ணும் விட்டெறிய ஆண்டு வருபவனும், எருமை இரண்டுக்கும் கிடாய் ஒன்றுக்கும் மாமன்னனுமாகிய உன் சித்தப்பன் ராசப்பன் எழுதிக்கொண்டது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, நீ அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டு, சுகமாக இருக்க மலைமேல் இருக்கிறவரைக் கும்பிட்டுக்கொள்கிறோம். போன வாரம் இங்கே மழை, சாதாரண மழை இல்லை சாமி, மேட்டூர் அணையே எழுந்து நம் தோட்டத்துக்கு விருந்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் நின்று படிக்கும் உன் அம்மா, கிணற்றில் இரண்டு படி மூழ்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன். குச்சிக்கிழங்கு என் தொடை பருமன் விளைந்திருக்கிறது, உன் அம்மா கணக்கில் மணிக்கட்டுப் பருமன், நடுவில் எங்கேயாவது வைத்துக்கொள். கடிதம் முழுவதையும் அவர் படித்துப் பார்த்த பிறகுதான் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாராம், தாள் பின்னால் தபாலில் வரும்.

போனில் பேசாமல் எழுத உட்கார்ந்தது ஏன் என்றால், வாயைத் திறந்தால் எது நடந்தது எது நான் சேர்த்தது என்று எனக்கே பிடிபடாது, அது உனக்கும் தெரியும். இது அப்படிச் சொல்லித் தப்பிக்கிற சேதி இல்லை. தை மாதம் நடக்க வேண்டிய உன் கல்யாணத்தைத் தொட்ட சேதி, என் வாயால் வந்த தலைகுனிவு. மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் சொல்லி நீ தெரிந்துகொள்ளும் முன் நானே சொல்லிவிட வேண்டும். ஆனி மாதம் உப்புச் சக்கரை மாற்றி உன் கல்யாணத்தை உறுதி செய்த அன்று நீ லீவு போட்டு வந்திருந்தாய். நம் நாய் மகாராணி போட்ட குட்டி ஒன்றுக்கு மாலை போட்டு, ஜமீன் என்று பேர் வைத்து, மாப்பிள்ளையின் அப்பா செங்கோட்டையன் சம்பந்தி மடியில் நான் வைத்தது நினைவிருக்கும். கலப்பே இல்லாத ராஜபாளையம், பால் வெள்ளை, இதன் பாட்டி பதினெட்டு வருசம் இருந்தவள், சிறுத்தையைக் கொல்லிமலை வரைக்கும் துரத்திவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியவள் என்று சபை நடுவில் முழங்கினேன். அப்போது நீ அதன் பின்னால் நின்று கூப்பிட்டாய், கையைத் தட்டினாய், அது திரும்பவில்லை. சித்தப்பா, இதுக்குக் காது கேக்குதான்னு பாருங்க என்று முதலில் சொன்னது நீதான். ராஜா கூப்பிட்ட குரலுக்கெல்லாம் திரும்ப மாட்டான், ஜெர்மனியில் இதெல்லாம் சொல்லித்தர மாட்டார்கள் என்று உன் வாயை அடைத்தேன். சபை சிரித்தது. நீயும் சிரித்தாய், ஆனால் குட்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னுடைய அந்த முகம்தான் இப்போது எழுத எழுத எதிரில் நிற்கிறது.

மகாராணி புரட்டாசியில் போய்விட்டது. சோறு இறங்காமல், தண்ணீராகக் குடித்துக்கொண்டே இளைத்தது, சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். பார்க்க வந்த கால்நடை டாக்டர் சௌமியா உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண்ணாக இருக்கும். இந்த வம்சத்தில் மற்ற நாய்கள் எத்தனை வருசம் இருந்தன என்று கேட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திப் பதினெட்டு, இருபது என்று ஆரம்பித்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு வருசக் கணக்கெல்லாம் உன்னை வைத்துத்தானே. முதல் நாய் நீ பிறந்த வருசம் குட்டியாக வந்து, நீ ஒன்பதாவது படிக்கையில் செத்தது. அதன் மகள் நீ நாலாவது படிக்கையில் பிறந்து, நீ காலேஜ் முடிக்கும்போது போய்விட்டது. அதன் மகள் மகாராணி நீ பன்னிரண்டாவது படிக்கையில் பிறந்தது, இதோ கிடக்கிறது என்றார். பதினாலு, பன்னிரண்டு, ஒன்பது என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆயுசு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது சாமி. செத்ததையெல்லாம் பதினெட்டு பதினெட்டு என்று சொல்லிச் சொல்லி, என் வீட்டு வாசலில் நடந்தது என் கண்ணுக்கே படாமல் போய்விட்டது. வம்சம் கலையக்கூடாது என்று மகாராணிக்கு அதே ஈற்றில் கூடப்பிறந்த சக்கரவர்த்தியையே சேர்த்துவிட்டதை அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன், பிறந்த ஐந்தில் மூன்று தங்கவில்லை என்பதை உன் அம்மாதான் சொன்னார். டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்து, ஏனுங்க, உங்க கூட்டத்துலயே பொண்ணு எடுப்பீங்களா என்று கேட்டது. அதெப்படி, ஒரே கூட்டம், ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கை முறை, எங்கள் மதுவுக்கு வந்த முதல் வரன் கூட்டம் ஒன்று என்று தெரிந்ததும் வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தவன் நான் என்றேன். அப்ப நெசமாவே அண்ணன் தங்கச்சியா இருக்கறதை ஏனுங்க சேத்துனீங்க என்றது அந்தப் பெண். பிறகு நம்மிடம் மிச்சமிருந்த குட்டியின் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டது. கோழிகள் பறந்தன, எருமை கயிற்றை இழுத்தது, குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. வெள்ளை நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே வருவதாம், தாய் தகப்பன் வழியாக இறங்குவதாம், ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்பச் சேர்த்தால் கூடுமாம். சங்ககிரிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போன குட்டியையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள், அது லாரி ஓடுகிற இடம் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறியது.

நான் சொல்லவில்லை மது. கல்யாண நேரத்தில் நாய்க்குப் பிறவிக் குறை என்று சொல்லப்போய், பெண் வீட்டில் வேறு என்ன மறைத்தார்களோ என்று யாராவது கேட்டுவிட்டால் என்று பயந்தேன். உன் அம்மா தினமும் கேட்டார், நாளைக்கு நாளைக்கு என்றேன். அதற்குள் செங்கோட்டையன் சம்பந்தியே போன் செய்தார், உங்க ஜமீன் லாரி ஷெட்டு நடுவுல படுத்துக்குதுங்க, ஆரன் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்குது என்றார். சொல்ல வேண்டிய இடம் அதுதான், கடவுளே எடுத்துக் கையில் கொடுத்த இடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ராஜா லாரிக்கெல்லாம் எழுந்திருக்க மாட்டான் சம்பந்தி, லாரிதான் ஒதுங்கிப் போக வேண்டும் என்றேன். அவரும் சிரித்துவிட்டு வைத்தார். மறுநாள் காலையில் அவர்களுடைய டிரைவர் ராசு வண்டியை வெளியே எடுக்கும்போது, ஓடிப்போய்விடும் என்று நம்பி ஆரன் அடித்துக்கொண்டே வந்து, கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறான். நாய்க்கு ஒன்றும் இல்லை. ராசுவின் நெற்றி கண்ணாடியில் மோதித் தையல் போட்டார்கள்.

சேதி வந்ததும் பஸ் ஏறினேன். ஷெட்டில் நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள், ராசு கட்டுப் போட்டுக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். நான் வாய் திறக்கும் முன்பே அவன், வாங்க, ராஜான்னு சொன்னீங்களாமா, நானும் நெத்தி தரையில படறாப்புல ஒரு கும்பிடு போட்டுட்டனுங்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அதற்கு மேல் இரண்டு சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து, நாய்க்குக் காது கேட்காது, எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. சம்பந்தி மெதுவாகக் கேட்டார், நாய் செவுடுங்கறதை உடுங்க, பொண்ணைப் பத்திச் சொன்னதும் இப்படித்தானுங்களா. அதற்குச் செத்துப்போயிருக்கலாம் மது. ஜெர்மனிக்காரன் உன்னைக் கேட்காமல் ஒரு மிஷினும் ஓட்ட மாட்டான், நீ சமைத்தால் மூன்று ஊருக்கு மணக்கும் என்றெல்லாம் அவரிடம் அளந்தவன் நான்தானே. ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தேன். அங்கே நீ பலரில் ஒருத்தியாகத்தான் வேலை செய்கிறாய், ஒரு பாடத்தில் ஒருமுறை தோற்று மறுபடி எழுதினாய், உனக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும், கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாய் என்றேன். கூட்டிச் சொல்லாமல் உன்னைப் பற்றிப் பேசுவது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக, இந்தக் குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான், உங்கள் எல்லோர் முன்னாலும் அவள் வாயை அடைத்தது நான் என்றேன். சம்பந்தியம்மா பூங்கொடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமா, அந்தப் புள்ள கை தட்டுனதை நானும் பார்த்தேன் என்றார். அப்புறம் புருசனைப் பார்த்து, அப்பப் பொண்ணு செரிதானுங்க, சித்தப்பனைத்தான் சித்த பார்த்து நடந்துக்கோணும் என்றார். எனக்குக் காப்பி வந்தது. குடித்தேன்.

ஷெட்டில் விட முடியாது என்பதால் ஜமீனை நானே கூட்டிவந்துவிட்டேன், இப்போது அண்ணன் தம்பி இரண்டும் நம் தோட்டத்தில். சக்கரவர்த்திக்கும் இதுகளுக்கும் ஆபரேசன் செய்ய நாள் குறித்திருக்கிறது, வம்சம் இதோடு நிற்கட்டும், இருப்பதுகள் மட்டும் அதனதன் ஆயுசு முழுக்க இருக்கட்டும். தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்புகின்றன, துண்டை வீசினால் ஓடி வருகின்றன. உன் சித்தப்பன் வாயை மூடிக்கொண்டு காலால் பேசப் பழகுகிறான், உன் அம்மாவுக்கு அதில் கொள்ளைச் சந்தோசம். இந்த ஜில்லாவில் நான் விட்ட கதை ஒன்றுகூடக் காதில் விழாத ஜீவன்கள் இந்த இரண்டும்தான், இதுகள் என்னிடம் ஓடி வரும்போதுதான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

மாப்பிள்ளையிடம் நீயே பேசு, இந்தக் கடிதத்தையும் காட்டு, என்னைக் காப்பாற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதே. கோபம் இருந்தால் உன் வழக்கப்படி இரண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாம் நாள் பேசிவிடு. இனி நீ ஒன்று சொன்னால் நின்று கேட்பேன். நீயும் உன்னைக் கட்டுகிறவனும் ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழ, நெடுங்காலம் நன்றாக இருங்கள். வீடியோவில் வரும்போது ஜமீன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், கையை ஆட்டு, அது பார்த்துக்கொள்ளும்.

பட்டம் எதுவும் இல்லாமல்,
உன் சித்தப்பா
ராசப்பன்

(படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கிழங்கு மட்டும் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. அம்மா சௌந்திரம்.)