பிரிகேடியருக்குத் திரும்பிப் போகாத கடிதம்

அப்பா,

மகனின் முதலாம் வகுப்பு அனுமதிக்கு, கொழும்பு வெள்ளவத்தையில்தான் குடியிருக்கிறோம் என்று காட்டப் பழைய மின்சார பில்கள் தேவைப்பட்டன. உங்கள் ஃபைலைத் திறந்தேன். பில்களுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு தாள். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இராணுவத்தில் இருந்த உங்கள் பிரிகேடியர்.

போர்க்காலத்தில் அவர் கடிதங்கள் தபாலில் வந்ததில்லை. லீவில் வரும் அவருடைய டிரைவர் கொண்டுவருவார். அதே தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதி நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள். அவர் வாசித்துவிட்டு எரித்துவிடுவார். யார் வீட்டிலும் எதுவும் மிஞ்சக்கூடாது என்று பள்ளித் தோழர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. டிரைவர் பிளேன் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதி முடிப்பீர்கள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"உங்கட சிநேகிதத்தால ரெண்டு பக்கத்தாலயும் அடி விழப்போகுது."

"வரைபடத்தில கொழும்பையே காட்டத் தெரியாதவன் அவன். இப்ப படை நடத்துறான். ஆராவது திருத்த வேணாமே?" என்று சிரிப்பீர்கள்.

இந்தத் தாள் மட்டும் ஏன் திரும்பிப் போகவில்லை என்பது வாசித்ததும் புரிந்தது. 'நீ கேட்ட பையன் அன்று எங்கள் முகாமில்தான் இருந்தான். உயிரோடு இருந்தான். பிறகு வேறு ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். இனி அவனைப் பற்றி என்னிடம் கேட்காதே.' பின்பக்கத்தில் உங்கள் எழுத்தில் பிரிகேடியரின் பெயர் மட்டும். அதற்குமேல் உங்களால் எழுத முடியவில்லை.

அந்தப் பையன் சுதன் அண்ணா. எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடி அன்ரியின் ஒரே மகன். எங்கள் காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி வருபவர். வடக்கே ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து ஆமிக்காரர் இறக்கினார்கள்; திரும்பவில்லை. அன்ரி இன்றும் அவர் படத்தோடு அலுவலகம் அலுவலகமாகப் போகிறார். எங்கும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை. அதைக் கேட்டுவிட்டு வந்து நம் வீட்டில் அழுதபோதெல்லாம் நீங்கள்தான் தண்ணீர் கொடுத்தீர்கள். தெரிந்துகொண்டே.

சிநேகிதரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தீர்களா, எங்களை நினைத்துப் பயந்தீர்களா? கேட்க நீங்கள் இல்லை. பிரிகேடியரும் இறந்துவிட்டார். இரண்டு நாள் உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை.

பயம் எனக்கும்தான். "பிள்ளையின்ர ஸ்கூல் அலுவல் முடியட்டும். இப்ப ஏன் இந்த வில்லங்கம்?" என்றார் என் கணவர். நியாயம்தான். ஆனால் நேர்சரி வான் ஐந்து நிமிடம் பிந்தினாலே ரோட்டுக்கு ஓடுகிறவள் நான். தாளைத் திரும்ப மடித்து வைக்க முடியவில்லை.

இன்று காலை மேலே போனேன். அன்ரி கண்ணாடியைத் தேடிப் போட்டு, மூன்று தரம் வாசித்தார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஓம், அன்ரி."

"இது பிரிகேடியர் குடுத்துவிட்ட கடிதம்தான் எண்டு சொல்ல இப்ப ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன். டிரைவர் கொண்டு வாறதைக் கண்டனான். பின்னால இருக்கிறது அப்பாவின்ர எழுத்து."

அன்ரி தாளைக் கவனமாக மடித்து என் கையில் தந்தார். பிறகு சொன்னார்: "உம்மட அப்பாவை நான் மன்னிக்கேல்ல, பிள்ளை. ஆனா நாளைக்கு லோயரிட்டப் போகேக்க நீரும் வாரும்."

போகிறேன், அப்பா. நாளைக்கு நேர்சரி இல்லை, இவருக்கு வேலை; மகனை விட்டுப்போக ஆள் இல்லை. கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். லோயர் முன் நான் எழுதிக்கொடுக்கும் சத்தியக்கடதாசியில் உங்களைக் காப்பாற்ற ஒரு வரியும் சொல்லமாட்டேன். உங்கள் மகள் என்று எழுதித்தான் கையொப்பம் வைப்பேன்.