எல்லம்மா முன்னால் கட்டிய பொட்டலம்

மாமாவுக்கு,

சோத்துக் கேரியரோட இத உன் தங்கச்சிகிட்ட குடுத்தனுப்புறேன். ஆஸ்பத்திரிக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்து சொல்ல எனக்கு தெகிரியம் இல்ல.

வெள்ளானூர் நெலத்துல பிளாட் கல்லு நட்ட தகராறுல உன் பங்காளி ஜம்புலிங்கம் உங்க நைனா மண்டைய ஒடைச்சான். நீ கத்தியத் தூக்கிகினு கெளம்பின. நான்தான் கால்ல விழுந்து, எல்லம்மா கோயில்ல பூ போட்டுப் பாத்துட்டுப் போன்னேன். ஒரு பொட்டலத்துல செவப்புப் பூ, ஒண்ணுல வெள்ள. செவப்பு வந்தா வெட்டு, வெள்ள வந்தா வுட்டுடு. கட்டினது நான், எடுத்தது நீ. வெள்ள வந்துச்சி. கத்தியக் கெணத்துல போட்ட.

மறுநாளே ஆவடி பஸ் ஸ்டாண்டுல வெறுங்கையோட நின்ன உன்ன ஜம்புலிங்கமும் அவன் ஆளுங்களும் மடக்கி, வலது கைய மணிக்கட்டோட வெட்டிட்டானுங்க. அந்தச் சட்டைய நான் இன்னும் தொவைக்கல.

நீ இன்னாடான்னா வார்டுல எல்லார்கிட்டயும், "ஆத்தா சொன்னா, கேட்டேன். அவ பாத்துப்பா"ன்னு சொல்லிகினு கீறியாம். இப்போ மறுபடி பூ கட்டச் சொல்லி அனுப்பிக்கீற. செவப்பு வந்தா இடது கையால ஜம்புலிங்கம் கழுத்த அறுப்பியாம்.

கேட்டுக்கோ. அன்னிக்கி ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளதான் வெச்சேன். உன் கை போனது என்னாலதான். என்ன இன்னா வேணா பண்ணு, ஆத்தாள மட்டும் திட்டாத. அவ முன்னாடி உக்காந்துதான் கட்டினேன். பாத்துகினுதான் இருந்தா, என் கையத் தட்டி வுடல. அதத்தான் அவ சொன்ன பதிலா எடுத்துகினேன்.

மறுபடி கட்டச் சொன்னா கட்டுறேன். ரெண்டும் வெள்ளதான். மிச்சமிருக்குற கையாவது எனக்கு வேணும்.

உன் பொண்டாட்டி