மாங்காய்க் கழுத்து

ஆவணி, ஞாயிறு இரவு

இன்று என் மகள் செல்வியைப் பெண் பார்க்கப் பனவடலிசத்திரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். அவள் ஜாக்கெட்டின் பின்கழுத்தில் இருந்தது நான் யூடியூபில் சொல்லிக்கொடுத்த மாங்காய் டிசைன்.

உட்கார்ந்ததும் அவளே சொன்னாள். "ஒங்க வீடியோவப் பாத்துத்தான் மதினி நான் தைக்கவே படிச்சேன். காசு வாங்காம யாரு இப்படி அளவெல்லாம் சொல்லிக் குடுப்பா? சங்கரன்கோவில்ல ஒங்க வீட்டுப் பொண்ணுன்னதும் வேற எடமே பாக்கல." நகை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அதிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "வெட்டி வேலைன்னு ஒன்னையத் திட்டிக்கிட்டே இருந்தேனே," என்கிறார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்றால் பொய்.

ஆனால் அந்த அம்மா கடைசிவரை என்னோடுதான் பேசினாள். லைனிங் பற்றி, கை வெட்டுவது பற்றி. செல்வியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீயும் அம்மா மாதிரி தைப்பியாம்மா?"

செல்விக்கு ஊசியில் நூல் கோக்கவே எரிச்சல் வரும். அவள் வாயைத் திறப்பதற்குள் "பழகிருவா" என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அவுகளுக்குப் பிடிச்சது என்னையாம்மா, ஒன் வீடியோவையா?"

குழாயைத் திறந்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. புது டிசைன் ஒன்று மெஷினில் பாதியில் நிற்கிறது. முடித்து வீடியோ போட்டால் முதல் ஆளாகப் பார்ப்பது அந்த அம்மாதான்.