புதன்கிழமை ஆட்டத்துக்குப் பத்தொன்பது பேர்

என் கூடப் பிறந்த முருகேசா,

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். தங்கராசு மாமா. நம் ஊர் கால்பந்து டீமின் ரசிகர் குழுவை இப்போது நடத்துகிற குமரேசன். லோடு வண்டி ஓட்டும் பாண்டி. என் வீட்டுக்காரரான உன் மச்சான். உன் மகள் வாணி. ஆறாவது நான். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எண்ணினேன், தலையை எண்ணவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாத காரணம். இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நம் ஊர் டீம் அரையிறுதிக்கு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் உனக்குச் சோறு இறங்காது. முட்டி போன பிறகு ஆடுவதைத்தான் விட்டாயே தவிர பார்ப்பதை விட்டாயா? ஆட்டம் நாளைக்கு, புதுக்கோட்டையில், சாயந்திரம் ஆறரை மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களால் ஒரு தொல்லையும் இல்லை. நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிந்துவிடும். பஸ் பிடித்து ஊர் வந்துவிடலாம். அரையிறுதியை மட்டும் புதன்கிழமை வைத்திருக்கிறார்கள். டவுனில் இருப்பவர்கள் வேலை முடிந்து வர வசதியாம். வெளியூர்க்காரர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பதற்கு நோட்டீஸில் ஒரு வரி இல்லை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வரை எந்நேரமும் பஸ் உண்டு. ஆலங்குடியிலிருந்து நம் ஊருக்குத்தான் இல்லை. கடைசி டவுன் பஸ் நீ இருந்தபோது கிளம்பிய அதே ஏழே முக்காலுக்குத்தான் இன்றும் கிளம்புகிறது. புதுக்கோட்டையில் ஆட்டம் முடியும்போது அந்த பஸ் நம் ஊருக்கு வந்து தூங்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் முந்திரிக்காட்டு வழியாக ஏழு கிலோமீட்டர் நடைதான். அந்த வழியை உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

கோயில் வாசலில் பேச்சு எங்கே சுற்றினாலும் பாண்டியின் வண்டியில்தான் வந்து நின்றது.

"போகவர நான் இருக்கேன்க்கா. நிக்கவச்சுக் கூட்டிட்டுப் போயி நிக்கவச்சுக் கொண்டாந்து எறக்கிருவேன்" என்றான் பாண்டி.

"வழியில செக்கிங் இருந்தா?" என்று உன் மச்சான் கேட்டார்.

"எல்லாரையும் குனியச் சொல்லி மேல தார்ப்பாய போட்ருவேன் மாமா. வாழத்தார் லோடுன்னு நெனச்சுக்குவாங்க."

தங்கராசு மாமா சிரித்தார். "ஏண்டா, வாழத்தாரு கோலுன்னு கத்துமாடா?"

"அதெல்லாம் திரும்பி வரையில பாத்துக்கலாம் பெரியப்பா. ஒங்களுக்கு இன்னும் ஆப்சைடுன்னா என்னன்னே தெரியாது, நீங்க எங்க கத்தப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தார்ப்பாய்தான் கண்ணில் நின்றது. அதற்கு அடியில் குனிந்து கிடக்கும் தலைகளை யார் எண்ணுவது?

அப்போது குமரேசன், "அக்கா, அந்தப் பழைய நோட்ட எடுங்க. நீங்க எழுதுனாத்தான் பயலுக அடங்குவாய்ங்க" என்றான்.

நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

அந்த நோட்டுப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவனே நீதானே. "எங்கக்காவுக்குத் தெரியாம ஒரு உளுந்து டப்பாவுக்குள்ள போகாது. ஆளு மட்டும் போயிருமா?" என்று சொல்லி என்னைக் கோயில் வாசலில் நிறுத்தினாய். நான் பெயர் எழுத வேண்டும், நெற்றியில் திருநீறு இட வேண்டும், அதன் பிறகுதான் வண்டியில் கால் வைக்க வேண்டும் என்று ஊருக்கே சட்டம் போட்டாய். நாள்காட்டித் தாளைப் பார்த்து எழுதப் பழகிய என் கோணல் எழுத்தில் பெயர் இல்லாதவன் வண்டியின் பின்னால் டெய்ல் போர்டில் கை வைத்தால் நீயே இறக்கிவிடுவாய். உனக்குப் பிறகு நம் டீம் புதன்கிழமை ஆட்டம் வரை போனதில்லை. நோட்டும் சாமி அலமாரியில் மஞ்சள் துணிக்குள் கிடந்தது.

நேற்றுக் காலை உன் மச்சானும் நானும் டிப்போவுக்குப் போனோம். மனுவை நான்தான் எழுதினேன். கடைசி பஸ்ஸை நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஒன்பதரைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, மனுவை முழுதும் படித்தார்.

"ஏம்மா, அந்த பஸ்ஸ நம்பி ஜவுளிக்கடை, மருந்துக்கடையில வேல பாக்குற பொண்ணுங்க இருக்காங்க. அவங்கள ஒன்பதர வரைக்கும் ஸ்டாண்டுல நிறுத்தலாமா? நீங்களே சொல்லுங்க."

வாணியே அந்த பஸ்ஸில்தானே மருந்துக்கடையிலிருந்து தினமும் திரும்புகிறாள்.

"அப்ப இன்னொரு பஸ் விடுங்களேன் சார்" என்றார் உன் மச்சான்.

"ஓடுற பஸ்ஸுக்கே டிரைவர் பத்தல. திருவிழான்னா ஸ்பெஷல் விடலாம். பந்தாட்டத்துக்கு எந்த ரூல்ல விடுறது?"

மனுவில் முத்திரை குத்தி நகலைக் கையில் கொடுத்தார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அதே டவுன் பஸ்ஸில் திரும்பினோம். வழியில் முந்திரிக்காட்டு வளைவை எட்டிப் பார்த்தேன். உனக்குப் பிறகு அங்கே ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். இரண்டு மாதமாக அது எரியவில்லை என்று கண்டக்டர் சொன்னார்.

நேற்றுச் சாயந்திரம் பாண்டியின் வண்டியைப் போய்ப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் புதிதாக அடித்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தான். பின்னால் போனேன். டெய்ல் போர்டின் ஒரு பக்கக் கொக்கி இல்லை. கயிற்றால் கட்டியிருந்தான். கையால் இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து டெய்ல் போர்டு என் முழங்காலுக்கு முன்னால் தொங்கியது.

"அது ஒண்ணுமில்லக்கா, ரெண்டு சுத்து கூடச் சுத்திருவேன்" என்றான் பாண்டி. "பின் வெளக்குதான் எரியல. புதன்கெழம மாட்டிருவேன்."

"புதன்கெழமதாண்டா வண்டியே கெளம்புது."

"அதான் சொல்றேன், புதன்கெழம மாட்டிருவேன்."

முருகேசா, இனி அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கும் புதன்கிழமை. பத்தொன்பது பெயர் எழுதினேன். ஏழாவது பெயர் உன்னுடையது. திருநீறு இடும்போது, "அக்கா, கண்ணுல விழுகுது, நான் ஆட்டத்தப் பாக்கவா வேணாமா?" என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வண்டி திரும்பி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஜெயித்த கூச்சல். துண்டையும் பையையும் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் குதித்தார்கள். எழுதியதைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுதான் என் வழக்கம். அன்றைக்குத் தாள் நனைந்துவிடுமே என்று நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் எண்ணினேன். பத்தொன்பது இருந்தது. "சரியா இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்றேன். போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, பெயர்களுக்கு அடியில் கோடு போட்டு, 'சரி' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

அந்தப் பத்தொன்பதில் ஒருவர் நம் ஊரே இல்லை. ஆலங்குடியில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற அடுத்த ஊர்ப் பெரியவர். கால் வீங்கிய மனிதர். வண்டியில் இடமில்லை என்றதும் நீ இறங்கி, "பெருசு, நீங்க ஏறுங்க, நான் பின்னால எதாச்சும் பைக்குல தொத்திக்கிட்டு வந்துர்றேன்" என்று அவரைத் தூக்கி ஏற்றியிருக்கிறாய். அவர் நம் ஊரில் இறங்கி, தலையில் துண்டோடு, இருட்டில் தன் ஊருக்கு நடந்தார். இறங்கிப் போகிற அவரை நீ என்று நினைத்துக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரியும் வாணியும் அன்று கறம்பக்குடியில் உன் மாமியார் வீட்டில் இருந்தார்கள். நீ வரவில்லை என்று தேட உன் வீட்டில் ஆள் இல்லை. பைக் எதுவும் கிடைக்காமல் நீ நடந்தே வந்திருக்கிறாய். விடியற்காலை பால் எடுத்துப் போனவர்தான் முந்திரிக்காட்டு வளைவில் உன்னைப் பார்த்தார். எந்த வண்டி இடித்தது என்று இன்று வரை தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒருவர் உன் மச்சானிடம், "ராத்திரியே பாத்திருந்தா ஒருவேள..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாராம்.

துக்க வீட்டில் குமரேசன் அழுதுகொண்டே சொன்னான்: "நாங்க வந்து சேர்றதுக்குள்ள அவரு பைக்குல வந்துட்டாருன்னு நெனச்சோம். அக்காதான் எண்ணிப் பாத்து சரின்னுட்டாங்கல்ல." என்னைக் குறை சொல்லி அவன் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உள்ளே கிடக்கிறது. காரியத்தன்று அந்தப் பெரியவர் வந்து என் முன்னால் கைகூப்பி நின்று, நடந்ததைச் சொன்னபோதுதான் எனக்கு எண்ணிக்கை விளங்கியது. அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் 'சரி' என்று சொல்லாமல் இருந்திருந்தால் பதினெட்டுப் பேரும் திரும்பிப் போய் உன்னைத் தேடியிருப்பார்கள் அல்லவா?

ஏழு வருடமாகக் கோயிலில் உனக்காக வேண்டுகிறேன் என்று ஊர் நினைக்கிறது. எனக்காகத்தான் வேண்டுகிறேன்.

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வாணி நோட்டைத் தானே எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். குமரேசன் கொடுத்தனுப்பிய சீட்டையும் வைத்தாள். அதில் பதினெட்டுப் பெயர்.

"எம்பேர எழுதுங்க அத்தே."

"கண்டவன் நிக்கிற வண்டியில பொட்டப்புள்ள நீ..."

"அது காரணமில்லைன்னு ஒங்களுக்கே தெரியும். தெனம் அவனுங்களோடதான் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வாரேன்."

"வேற நோட்டுல எழுதித் தாரேன். இது வேணாம்."

"இதுலதான் எழுதணும். எங்கப்பா பேரு இதுலதான இருக்கு." அவள் குரல் உன் குரல் போலவே முரண்டு பிடித்தது. "நீங்க எழுதலைன்னா பேரு இல்லாமத்தான் ஏறுவேன். அப்ப வழியில எனக்கு ஒண்ணு ஆனா என்னைய யாரு தேடுவா?"

உன் மகள் தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா?

பதினெட்டுப் பெயரையும் எழுதிவிட்டேன். அவள் சேர்ந்தால் பத்தொன்பது. எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனாலும் அந்த வரியின் முன் பேனா நிற்கிறது. இன்று காலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்ததிலிருந்து அந்த வரி காலியாகத்தான் இருக்கிறது. வெளியே ஆவுடையார்கோவில் பக்கம் மேகம் கட்டுகிறது. நாளைக்கும் தூறும் போல.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் ஏறினால் நானும் ஏறுவேன். இருபதாவது பெயர் பாக்கியம். எனக்குப் பந்தாட்டம் ஒன்றும் தெரியாது, ஆனால் பெயர் படிக்கத் தெரியும். தார்ப்பாய் போட விடமாட்டேன். ஆலங்குடியில் வண்டியை நிறுத்தி, எத்தனை மழை பெய்தாலும், நோட்டு நனைந்து மை கரைந்தாலும், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் முகத்திலும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். ஒருவர் குறைந்தாலும் நான் அங்கேயே இறங்கிவிடுவேன்.

இந்தக் கடிதத்தைக் கோயிலில் வைக்கப் போவதில்லை. முடித்ததும் மடித்து வாணியின் கையில் கொடுப்பேன். இதைப் படித்த பிறகும் என் கையால் அவளுக்குத் திருநீறு வேண்டுமா, என்னை அத்தை என்று கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே கொடுக்கிறேன். அவளுக்கு அப்பனின் கணக்கு முழுதாகத் தெரிய வேண்டும்.

வண்டி நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்புகிறது. காலையில் அம்மன் முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போடுவேன். வெள்ளை வந்தால் எழுது என்று அர்த்தம். ஆனால் எனக்கு அம்மன் சொல்வதைவிட நீ சொல்வதுதான் வேண்டும். உன் மகள் பெயரை அந்த வரியில் எழுதட்டுமா, வேண்டாமா? பூவில் சொல்ல முடியாவிட்டால் அவள் வாயாலேயே சொல். நாலு மணிக்கு முன்னால் சொல்லிவிடு.

உன்னைத் தலையாக எண்ணிவிட்ட
உன் அக்கா
பாக்கியம்