ஆறு விரல் எலி

பம்பாய், 12-2-1964

அன்புள்ள அய்யம்மாளுக்கு, சுடலை எழுதுவது. நான் நலம், எனக்குச் சோறு போடும் எலிகளும் நலம். நீயும், மாசமாக இருக்கும் நம் மகள் முருகம்மாளும் நலமா?

ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளெலி ஆறு விரலோடு பிறந்தது. உடம்பு தன்னைத்தானே பிரதியெடுக்கும்போது நிறுத்துமிடம் தவறிவிட்டதாம். சிவகாசி அச்சாபீசில் வேலை பார்த்தபோது கெட்டுப்போன காலண்டர் தாளை முதலாளிக்கு எடுத்துவைத்த பழக்கத்தில், அதைத் தூக்கியெறியாமல் டாக்டரிடம் காட்டித் தொலைத்தேன்.

சாத்தூர்க்காரரான அவர், "ஏலே சுடலை, அதுக்கு உன் கைதான் பழக்கம். அது வளந்து குட்டி போட்டு, குட்டிக்கும் ஆறு விரலான்னு பாக்குற வரைக்கும் லீவு கேக்கப்படாதுலே" என்றுவிட்டார். எலிக்காவது கூண்டில் ஓட ஒரு சக்கரம் இருக்கிறது.

பிரசவத்துக்கு வர முடியாது. பருப்புப்பொடி அனுப்பு. பேரப்பிள்ளை பிறந்ததும் விரல்களை எண்ணி எழுது. ஆறு இருந்தால் யாரிடமும் காட்டாதே, பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

சுடலை