மூக்கு செத்த கார்

மந்தாரக்குப்பம்
24-1-2016

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நான், அம்மா, உன் பெண்சாதி எழில்மதி மூவரும் நல்லபடியாக இருக்கிறோம், அந்தத் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். எழுதுவது எழில்மதி, சொல்வது முழுக்க நான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

உன் பழைய கார் தீபாவளியிலிருந்து வெட்டி வெட்டி இழுத்தது, பெட்ரோலைக் குடித்தது, பின்குழாய் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது, உள்ளே மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. கடலூரில் ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும் என்றார். நீ காரை விற்றுவிடு என்றாய், சேத்தியாத்தோப்பு ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்டு முடிந்து வர எழில்மதிக்கு பஸ் இல்லை, அவள் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்றாய். நானோ எல்லாம் அனல்மின் நிலையச் சாம்பலால் வந்தது என்று நின்றேன். நம் ஊரில் துணி கறுத்தாலும் சாம்பல், ஆள் இருமினாலும் சாம்பல், மிக்ஸி நின்றாலும் சாம்பல்தானே. ஏர் பில்டரை இரண்டு தடவை கழற்றித் தட்ட வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் நானும் எழில்மதியும் மெக்கானிக் ராயப்பன் ஷெட்டுக்குப் போனோம். அவர் ஒரு கருவியை மாட்டினார், ஆக்ஸிஜன் சென்சார் கோளாறு என்று காட்டியது. அதை மட்டும் நம்பிப் புதுசு வாங்கமாட்டேன் என்று ஒயரில் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டிய அளவு அடியிலேயே கிடந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். "அது வண்டியோட மூக்கு பெரியவரே. பொகையில காத்து எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு மோந்து சொல்லிக்கினே இருக்கும். இப்ப மூக்கு செத்துப்போச்சு, பெட்ரோல் பத்தலன்னு கம்ப்யூட்டரு ஊத்திக்கினே கெடக்குது" என்றார். புகையில் ஏது காற்று, இரும்புக்கு ஏது மோப்பம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சாம்பல் டாக்டர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று சிரித்தார்.

சென்சார் புகைக்குழாயில் துருவேறிப் பிடித்திருந்தது. இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, துரு இளக எண்ணெய் அடித்து, ஒயர் நுழைகிற ஸ்பேனரால் திருகி எடுத்தார். காதோரம் வைத்து ஆட்டினேன், உள்ளே கிலுகிலுத்தது. பீங்கான் உடைந்திருக்கிறது, வண்டி சூட்டோடு எப்போது தண்ணீரில் இறங்கியது என்று கேட்டார். எனக்கு மறக்குமா? தீபாவளிக்கு முந்தின நாள், ரோடெல்லாம் வெள்ளம், வேறு நர்ஸ் யாரும் வரமுடியாமல் பிரசவ வார்டில் ஆளில்லை என்று போன் வந்து இவள்தான் தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில்தான் மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். சூடான லாந்தர் கண்ணாடியில் தண்ணீர் பட்ட மாதிரிதான் என்றார் ராயப்பன். நுனியில் கைபடாமல் புதுசை மாட்டினார், கருவியால் விளக்கை அணைத்தார். மீட்டர் துடிக்க ஆரம்பித்தது, நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது எழில்மதியிடம் கேட்டேன், வேலையை விடுகிறாயா என்று. நீயும் கேட்கவில்லை, நானும் அதுவரை கேட்கவில்லை. "வண்டி ஓடுனா வண்டியில போறேன் மாமா, ஓடலன்னா சைக்கிள்ல போறேன்" என்றாள். இதை எழுதத் தயங்குகிறாள், எழுதம்மா என்று சொல்லிவிட்டேன். காரை விலைக்குப் பார்க்க வருவதாக இருந்த நெல்லிக்குப்பத்துக்காரரை வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நேற்று இரண்டாம் ஷிப்டுக்குப் போய்வந்தாள், வண்டி ஒரு வெட்டு வெட்டவில்லை.

அம்மாவும் நானும் உன்னை மனமார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வேலையை விடு என்று ஆரம்பிக்காதே, அன்று வார்டில் எத்தனை பிள்ளை பிறந்தது என்று அவளைக் கேள்.

இப்படிக்கு உன் அப்பா,
கண்ணையன், இடது கைப் பெருவிரல் ரேகை