வாயை மூடிக்கொண்ட நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இறக்கை வலி தேவலையா? தம்பிக்கு நெருப்பு வர ஆரம்பித்துவிட்டதா? நான் சுகம்தான்.

இந்தக் கண்ணாடி ஆலையின் உலை நேற்றுவரை என் மூச்சில்தான் எரிந்தது. அப்பாவைக் கட்டியிருந்த அதே சங்கிலி. நெருப்பு வற்றியதும் அவரை மழையில் தள்ளிச் சாகவிட்ட மேஸ்திரிதான் எனக்கும் மேஸ்திரி. தினமும் என் மூக்கில்தான் பீடி பற்றவைப்பான்.

நேற்று, "உங்கப்பன மாதிரி சீக்கிரம் அணைஞ்சிடாதடா. வேற டிராகனுக்கு நான் எங்க போறது?" என்று சிரித்தான்.

அவனைப் பொசுக்கிவிடுவேன் என்று பயந்து எல்லோரும் தண்ணீர் வாளியைத் தூக்கினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மாலைக்குள் கண்ணாடிக் குழம்பு உறைந்து உலையே பிளந்தது. "ஊதுடா சாமி, உன் கால்ல விழறேன்" என்றான். விழுந்தான். முதலாளி அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். மழை பெய்யவில்லை என்பதுதான் என் குறை.

எனக்கும் நாலு அடி விழுந்தது. செதில்மேல்தானே, கவலைப்படாதே.

தொண்டைக்குக் கொஞ்சம் கந்தகம் அனுப்பு. குகையில் அப்பாவின் இடத்தில் யாரையும் படுக்கவிடாதே.

கூப்பிடுகிறார்கள். முதலாளி புது உலை கட்டுகிறார். அதற்கும் என் மூச்சுதான் வேண்டுமாம். கட்டட்டும்.

உன் மூத்தவன்